சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள்

கடந்த சம்பா பருவத்தில், டெல்டா கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 20 பேரை ஒரு நெல் வயலுக்கு அழைத்துப் போயிருந்தோம். அறிவியல் ஆசிரியையும் உடன் வந்தார். அன்றைய பாடம், சூழலியலின் அடிப்படைக் கருத்துகள். உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர் என்று வகுப்பில் மனப்பாடம் செய்ததை வயலில் காட்டுவதாகத் திட்டம்.

போய்ச் சேர்ந்தபோது வரப்பில் கைத்தெளிப்பான் தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு வாளி, கடைப்பைக்குள் ஒரு மருந்துப் புட்டி. வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புகையான் வந்திருக்கு சார். பிள்ளைங்க பார்த்துட்டுப் போகட்டும். அவங்க கெளம்பினதும் அடிச்சிடறேன்" என்றார்.

ஓர் ஏக்கர் வயல். நட்டு 50 நாள் ஆன பயிர். அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது. புகையானைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது நெல் விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் எண்ணிப் பார்க்காமல் மருந்து அடித்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அன்று அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "ஒரு மணி நேரம் கொடுங்கள் ஐயா. அடிக்கலாமா, வேண்டாமா என்று இந்தப் பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும்."

அவர் சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார். நாங்கள் போட்டிருந்த பாடத் திட்டம் அந்த இடத்திலேயே மாறிப்போனது.

வீட்டைப் பற்றிய படிப்பு

சூழலியல் என்ற துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1866-ல் உருவாக்கியவர் ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். வீடு என்று பொருள்படும் 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அமைத்தார். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள், மிச்சம் எங்கே போகிறது, யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள், யார் யாரோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சூழலியல். வீடு என்பது இங்கே ஒரு குளமாக இருக்கலாம், ஒரு காடாக இருக்கலாம், உங்கள் ஓர் ஏக்கர் வயலாகவும் இருக்கலாம்.

நம் மாணவர்களுக்கு இது புதிய சிந்தனை அல்ல. தமிழ் வகுப்பில் ஐந்திணை படிக்கிறார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் வாழும் மரம், விலங்கு, பறவை, மக்கள் செய்யும் தொழில் எல்லாம் கருப்பொருள். நிலம் மாறினால் அதில் வாழ்பவையும் மாறும் என்பது அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. உயிரற்ற காரணிகளும் உயிருள்ளவையும் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்குகின்றன என்பதை 1935-ல் இங்கிலாந்தின் ஆர்தர் டான்ஸ்லி 'சூழ்நிலை மண்டலம்' என்ற பெயரில் விளக்கினார். தமிழ் ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு நாள் மருத நிலத்துக்கு மாணவர்களை அழைத்துப் போனால், இரண்டு பாடத்தையும் ஒரே வரப்பில் நடத்திவிடலாம்.

யார் சமைப்பவர், யார் சாப்பிடுபவர்?

முதல் கால் மணி நேரம் மாணவர்களை வரப்பில் உட்காரவைத்து, கண்ணில் படும் உயிர்களை எல்லாம் எழுதச் சொன்னோம். பெயர் தெரியாவிட்டால் படம் வரையலாம். நெல், அருகம்புல், தட்டான், ஊசித்தட்டான், கொக்கு, நண்டு, நத்தை, தவளை, சிலந்தி, எறும்பு என்று பட்டியல் நீண்டது. ஒரு மாணவன் "தாத்தா" என்று பெரியவரையும் எழுதியிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எழுதியது சரிதான். அந்த வயலின் உணவு வலையில் அவரும் இருக்கிறார், அந்த அரிசியைச் சாப்பிடும் நாமும் இருக்கிறோம்.

பிறகு யார் யாரைச் சாப்பிடுகிறார்கள் என்று அம்புக்குறி போடச் சொன்னோம். நெல் சூரிய ஒளியைக் கொண்டு தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது. அதனால் அது உற்பத்தியாளர். புகையான் நெல்லின் சாற்றை உறிஞ்சுகிறது, முதல்நிலை நுகர்வோர். சிலந்தி புகையானைப் பிடிக்கிறது; இரண்டாம் நிலை. சிலந்தியைத் தவளை தின்கிறது, தவளையைப் பாம்பு, பாம்பை மயிலோ பருந்தோ. பத்து நிமிடத்தில் தாளில் அம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. புத்தகத்தில் சங்கிலியாக இருந்தது வயலில் வலையாகிவிட்டது. ஏன் அதை உணவு வலை என்கிறோம் என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பாம்பு ஏன் சார் கொஞ்சமா இருக்கு, பூச்சி மட்டும் இவ்வளவு இருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அமெரிக்காவின் ரேமண்ட் லிண்டமேன் 1942-ல் ஓர் ஏரியை ஆராய்ந்து சொன்ன பதில்தான் இன்றும் பாடத்தில் இருக்கிறது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஆற்றல் போகும்போது பெரும்பகுதி மூச்சுவிடவும் நகரவும் செலவாகிவிடுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேர்கிறது. தோராயக் கணக்காகச் சொன்னால், 1,000 கிலோ பயிர் 100 கிலோ பூச்சிக்கு உணவாகும்; அது 10 கிலோ தவளைக்கு; அது ஒரே ஒரு கிலோ பாம்புக்கு. மேல்நிலையில் இருக்கும் உயிர்கள் எப்போதும் குறைவு. அதனால் அவற்றில் நாலைந்தை இழந்தால்கூட வயலில் அது தெரியும்.

எண்ணும் நேரம்

இனி முக்கியமான வேலை. மாணவர்களை ஐந்து ஐந்து பேராக 4 குழுக்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு குழுவும் வயலின் ஒரு பகுதிக்குப் போய் 5 குத்துகளைப் பார்க்க வேண்டும். பார்த்த இடத்தில் நிற்காமல், நடந்துகொண்டே பத்தடிக்கு ஒரு குத்து என்று எடுக்க வேண்டும். 'நல்லா பூச்சி இருக்கிற குத்தா' தேடிப் பிடிக்கக் கூடாது. மாதிரி எடுப்பதன் முதல் விதி இது.

புகையான் இலையின் மேல் இருக்காது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் நிழலில் இருக்கும். குத்தைக் கையால் சாய்த்து அடித்தூரைப் பார்க்க வேண்டும்; மெதுவாகத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். அப்போது எண்ணலாம். ஒருவர் தட்ட, இருவர் எண்ண, ஒருவர் தூர்களை எண்ண, ஒருவர் எழுத, வேலை வேகமாக நடந்தது.

முதலில் முடித்த குழு ஓடி வந்தது. "ஒரு தூருக்கு ஒண்ணுக்கு மேல இருக்கு சார். அடிக்கணும்!" பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னதுதானே என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

புகையானுக்குப் பொருளாதாரச் சேதநிலை என்று ஓர் எண் உண்டு. பூச்சி அந்த எண்ணைத் தாண்டினால்தான் மருந்துச் செலவு லாபம் தரும். பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே அதைச் சொல்லியிருந்தோம். தூருக்கு ஒரு புகையான் என்பது அந்த எண். ஆனால் அந்த விதி அதோடு முடிவதில்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம் என்பது அதன் இரண்டாம் பகுதி. பல விவசாயிகள் முதல் பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

"சிலந்தியை எண்ணினீர்களா?" என்று கேட்டேன். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. எண்ணவில்லை. திரும்பப் போய் எண்ணினார்கள்.

நான்கு குழுக்களின் கணக்கையும் ஓர் அட்டையில் எழுதினோம். குத்துக்குச் சராசரி 14 தூர். முதல் மூன்று குழுக்கள் பார்த்த 15 குத்துகளில் 240 புகையான், 18 சிலந்தி. கடைசிக் குழு பார்த்த 5 குத்துகளில் மட்டும் 165 புகையான், 2 சிலந்தி.

மாணவர்கள் வகுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று பகுதிகளில் தூருக்கு 1.1 புகையான், குத்துக்கு ஒன்றுக்கு மேல் சிலந்தி. சிலந்தியைச் சேர்க்காமல் பார்த்தால் வயல் முழுக்க மருந்து அடிக்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் வேண்டியதில்லை. கடைசிப் பகுதியில் தூருக்கு 2.4 புகையான், சிலந்தியோ குத்துக்கு அரைகூட இல்லை. அங்கே எப்படிப் பார்த்தாலும் சேதநிலை தாண்டிவிட்டது.

ஒரு மாணவன் எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டி வகுத்துவிட்டு, "மொத்தத்துல தூருக்கு 1.4 தான் சார். சிலந்தி குத்துக்கு ஒண்ணு. எங்கேயும் அடிக்க வேண்டாம்" என்றான். கணக்கு சரி, முடிவு தவறு. சராசரி அந்த மூலையை மறைத்துவிட்டது. ஓர் உயிரினம் எத்தனை இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று சூழலியல் சொல்வது இதைத்தான்.

அந்த மூலையில் என்ன வித்தியாசம் என்று எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். பள்ளமான இடம், தண்ணீர் வடியாமல் தேங்கியிருந்தது. பக்கத்தில் மரத்து நிழல். மிஞ்சிய நாற்றையெல்லாம் அங்கே நெருக்கி நட்டதாகப் பெரியவரே சொன்னார். ஈரம், நிழல், நெருக்கம் மூன்றும் புகையானுக்குப் பிடித்தவை. வாழிடம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

சிலந்திக்கு ஏன் இந்த மதிப்பு?

நெல் வயலில் வலை பின்னாமல் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி, நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தண்ணீரின் மேலும் ஓடும். புகையான் இருக்கும் அடித்தூரிலேயே அதற்கும் வேலை. இன்னொரு காவலாளி மிரிட் நாவாய்ப்பூச்சி. பச்சையும் கருப்புமாக, சிறியதாக இருக்கும். விவரம் தெரியாதவர்கள் அதையும் தத்துப்பூச்சி என்று நினைத்துவிடுவார்கள். அது இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகளைத் தேடிக் குத்தி உறிஞ்சும்.

இனி நான் சொல்வதாகச் சொன்ன கதை. எனக்கு அப்போது 12 வயது. எங்கள் வயலில் புகையான் கொஞ்சம் தெரிந்தது. அப்பா கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கி அடித்தார். நாலு நாள் வயல் சுத்தமாக இருந்தது. அடுத்த பத்து நாளில் முன்பைவிட அதிகமாகப் பூச்சி. வேறொரு மருந்து அடித்தார். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வயலில் வட்ட வட்டமாக, தீய்த்தது போலப் பயிர் காய்ந்து சாய்ந்தது. மருந்து போலி என்றுதான் அப்பா கடைசிவரை நம்பினார். கடைக்காரரோடு பேச்சே நின்றுபோனது.

மருந்து போலி இல்லை என்பது வேளாண் கல்லூரியில் பூச்சியியல் வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. பயிரின் மேல் அடித்த மருந்து சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றது. அடித்தூரில் இருந்த புகையானில் பாதி தப்பியது. இலையுறைக்குள் இருந்த முட்டைகளை மருந்து தொடவே இல்லை. ஒரு வாரத்தில் அவை பொரித்தன. ஒரு பெண் புகையான் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சிலந்தி பெருக அதைவிட அதிக நாள் வேண்டும். ஆக, காவல் இல்லாத வீட்டில் புகையான் மட்டும் பெருகியது. இதை மறுபெருக்கம் என்கிறோம். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளும் குயினால்பாஸ் போன்றவையும் நெல்லில் இப்படி மறுபெருக்கத்தைத் தூண்டும் என்பதால்தான் புகையானுக்கு அவை வேண்டாம் என்று பரிந்துரைக்கிறோம். நான் இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். "அப்ப அந்தாளு மேல தப்பு இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் வயலில் நடந்தது ஒரு நாடு முழுவதும் நடந்திருக்கிறது. இந்தோனேசியாவில் 1970களில் அரசு மானியத்தில் பூச்சிமருந்து தாராளமாகக் கிடைத்தது. புகையான் அடங்கவில்லை, பெருகியது. 1986-ல் அந்நாட்டு அதிபர் ஆணையிட்டு நெல்லில் 57 மருந்துகளுக்குத் தடை விதித்தார். மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1989-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் நிறுவனத்தின் உதவியோடு அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பயிரையும் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, பெரிய தாளில் வரைந்து, கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். நம் நாட்டிலும் அந்த முறை வந்துவிட்டது. நாங்கள் மாணவர்களிடம் செய்ததும் அதுதான், சிறிய அளவில்.

காலுக்குக் கீழே உள்ள வயல்

சேற்றில் இறங்கிய மாணவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கால் வைக்கும் இடத்தில் நீர்க்குமிழிகள் எழுந்தன. தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருள்களைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அந்தக் குமிழியில் இருப்பதில் பெரும்பங்கு அதுதான். பருவநிலை மாற்றத்தில் மீத்தேனுக்கும் பங்கு உண்டு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மண்ணுக்குக் காற்று கிடைத்து மீத்தேன் குறையும். நீரும் மிச்சமாகும்.

சிதைப்போர் என்றவுடன் அழுகல், நாற்றம் என்று மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அவைதான் இந்த வீட்டில் மிச்சத்தைத் திரும்பச் சமையலுக்கு அனுப்புபவை. இன்னொரு வேலையும் செய்கின்றன. ஜாவா தீவின் நெல் வயல்களை ஆராய்ந்து 1996-ல் வெளியான முடிவு இது. மண்ணில் மட்கும் பொருள் இருந்தால், நட்ட சில நாளிலேயே அதை உண்டு வாழும் சிறு ஈக்களும் நீர்ப்பூச்சிகளும் பெருகுகின்றன. பயிருக்கு அவற்றால் தீங்கு இல்லை. சிலந்திகள் அவற்றைத் தின்று, புகையான் வருவதற்கு முன்பே எண்ணிக்கையில் கூடிவிடுகின்றன. ஆக, தொழுவுரம் இட்டதும் தக்கைப்பூண்டு மடக்கி உழுததும் பயிருக்கு உரம் மட்டுமல்ல, சிலந்திக்கு முன்கூட்டியே போட்ட சாப்பாடு. நட்ட 20-ம் நாளே 'ஏதோ கொசு மாதிரி பறக்குது' என்று மருந்து அடித்தால் அந்தச் சாப்பாட்டுப் பந்தியைக் கலைக்கிறோம்.

மண்ணின் வேலையைக் காட்ட இரண்டு எளிய சோதனைகள் உண்டு. வைக்கோல் ஒரு வலைப்பையிலும், தக்கைப்பூண்டு இலை இன்னொரு வலைப்பையிலும் ஒரே எடை போட்டு, பள்ளித் தோட்டத்தில் அரை அடி ஆழத்தில் புதையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்து, மண்ணை உதறி, காயவைத்து எடை பாருங்கள். இலை பெரும்பாலும் மட்கியிருக்கும். வைக்கோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தக்கைப்பூண்டில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 20 பங்கு அளவில் கரிமச்சத்து இருக்கிறது. வைக்கோலில் 60 பங்குக்கும் மேல். நுண்ணுயிருக்கும் தழைச்சத்து வேண்டும். அது குறைந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

இரண்டாவது, உளுந்துச் செடி ஒன்றைப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பார்ப்பது. வேர் முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. இருவருக்கும் லாபமான இந்த உறவைக் கண்ணால் பார்த்த மாணவன் 'கூட்டுயிர் வாழ்க்கை' என்ற சொல்லை மறக்க மாட்டான்.

உங்கள் ஊரில் செய்வது எப்படி?

இதற்குச் செலவு அதிகம் இல்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூங்கில் சட்டம், பழைய கொசுவலைத் துணியில் தைத்த கைவலை, நோட்டு, பென்சில், இருந்தால் ஓர் உருப்பெருக்கி. இவை போதும். ஒரு நாள் சுற்றுலாவாக முடித்துவிடாமல், ஒரே வயலுக்கு ஒரு பருவத்தில் 5 முறை போங்கள்.

நடவுக்கு முன் ஒருமுறை: மண், மண்புழு, வரப்பில் உள்ள செடிகள், எலி வளைகள்.

நட்ட 20-ம் நாள்: நீர்ப்பூச்சிகள், சிறு ஈக்கள், முதல் சிலந்திகள்.

45 முதல் 50-ம் நாள்: புகையான், இலைச்சுருட்டுப்புழு, சிலந்தி, தட்டான் கணக்கெடுப்பு.

பூக்கும் பருவம்: தேனீக்கள், வரப்புப் பூக்களுக்கு வரும் குளவிகள், பறவைகள்.

அறுவடைக்குப் பின்: வைக்கோல், கொட்டிய நெல், அதைத் தேடி வரும் உயிர்கள்.

ஐந்து முறை எழுதியதையும் வகுப்புச் சுவரில் வரிசையாக ஒட்டினால், அந்த வயலின் ஒரு பருவ வாழ்க்கை அங்கே தெரியும்.

பாதுகாப்பு முக்கியம். மருந்து அடித்த வயலுக்குள் குறைந்தது ஒரு வாரம் மாணவர்களை இறக்கக் கூடாது. வரப்பில் போகும்போது முன்னால் ஒருவர் கோலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். இடி மின்னல் நாளில் வேண்டாம். பார்த்து முடித்ததும் உயிர்களை விட்டுவிட வேண்டும். திரும்பியதும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

விவசாயிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. வரப்பில் தட்டைப்பயறு, உளுந்து, எள் என்று ஏதாவது ஒன்றை விதையுங்கள். அவற்றின் பூக்களைத் தேடி வரும் குளவிகள் தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு முட்டைகளைத் தாக்கும் ஒட்டுண்ணிகள். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுங்கள். வெளிச்சமும் காற்றும் அடித்தூர்வரை போனால் புகையான் தங்காது. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்த பயிர் புகையானுக்கு விருந்து.

பெரியவர் வயலில் என்ன நடந்தது?

மருந்தே கூடாது என்று நான் சொல்வதில்லை. எண்ணிப் பார்த்து, சேதநிலை தாண்டினால், தாண்டிய இடத்தில், சரியான மருந்தை அடிக்கத்தான் வேண்டும். பெரியவர் வைத்திருந்த புட்டியை வாங்கிப் பார்த்தேன். செயற்கைப் பைரித்ராய்டு வகை. அதை ஓரமாக வைக்கச் சொன்னேன். அன்று மாலையே வயலில் தண்ணீரை வடித்தார். போட இருந்த யூரியாவைத் தள்ளிப்போட்டார். வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டு, புகையானுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்தை வாங்கி, அந்தப் பள்ள மூலையில் சுமார் 8 சென்ட்டில் மட்டும், பயிரை விலக்கி அடித்தூரில் படும்படி அடித்தார். மீதி 92 சென்ட்டில் எதுவும் அடிக்கவில்லை.

அதற்கு அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க சார். வயலு கருகினா நான்தான் பார்க்கணும்" என்றார். நியாயமான பேச்சு. ஐந்து நாள் கழித்து மறுபடி வந்து எண்ணுவதாக மாணவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அந்த ஐந்து நாளும் அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நானும்தான்.

சொன்ன நாளில் போனோம். அதே முறையில் அதே பகுதிகளில் எண்ணினோம். மருந்து அடிக்காத பகுதியில் தூருக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது புகையான். சிலந்தி கூடியிருந்தது, சில சிலந்திகள் முட்டைப்பையைச் சுமந்துகொண்டு ஓடின. மூலையிலும் புகையான் அடங்கியிருந்தது, ஆனால் சிலந்தி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மாணவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். இது ஒரு வயல், ஒரு பருவம். இதை ஆய்வு முடிவு என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் வடித்தது, வெயில், சிலந்தி எல்லாவற்றுக்கும் பங்கு இருந்திருக்கும். எது எவ்வளவு என்று கேட்டு மாணவர்கள் வாதாடிக்கொண்டே திரும்பினார்கள். வகுப்பு அதற்குத்தானே.

பெரியவர் அறுவடை முடித்துவிட்டார். அடுத்த பருவத்துக்கும் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி ஆசிரியையிடம் கேட்டிருக்கிறார்.

உங்கள் ஊரிலும் ஒரு பள்ளி இருக்கிறது, அதைச் சுற்றி வயல் இருக்கிறது. நீங்கள் ஆசிரியராக இருந்தால் இந்தப் பருவத்தில் ஒரு விவசாயியைக் கேளுங்கள். விவசாயியாக இருந்தால், தலைமை ஆசிரியரைப் பார்த்து, "எங்க வயலுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வாங்க" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலையில் வயலுக்குப் போனதும் நீங்களே 20 குத்துகளைத் தட்டிப் பாருங்கள். சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள்.